வேங்கடச் சீமையில் கள்ளும் பீரும்

வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்ட தமிழகத்தின் பெருமையை நம் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் பேசுகிறோம். அவ்வேங்கடத்தில் வாழ்ந்த பண்டைய மக்கள் எதை உண்டனர், எதைப் பருகினர், எதைக் கொடுத்து எதை வாங்கினர் என்று பேசுவதோ அரிதாக இருக்கிறது. மதுவைப் பற்றி எழுதுவது ஆண்டு விழா மலருக்கு அடுக்குமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். குடியைக் கடிந்துரைக்க வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அவ்வளவு கடிந்துரைக்க வேண்டிய அளவிற்கு அது நாட்டில் வழங்கியது என்பதும் அதனாலேயே பெறப்படுமன்றோ! குடிக்குமாறு எவரையும் தூண்டுவது நம் கருத்தன்று. நாம் குடியேறி வாழும் இச்சித்தூர்ச் சீமையில் ஒரு பானத்தின் மேல் அரசும் சட்டமும் கை வைத்தபோதெல்லாம் விளைந்தது யாது என்று காண்பதே கருத்து.

அகநானூற்றின் 61ஆம் பாட்டில் மாமூலனார், கள்வர் கோமானாகிய புல்லியின் வேங்கடத்தைப் பாடுகிறார். அங்கு வாழ்ந்தவர்கள் யானையின் வெண்கோட்டையும் நறவையும் விலையாக்கி நெல் பெற்று மகிழ்ந்தனர் என்பது அப்பாட்டால் விளங்கும் செய்தி. இன்று உலகெங்குமிருந்து அடியார்கள் வந்து வணங்கும் மலைநாட்டில், அன்று கள்ளும் நெல்லும் கைமாறின. திருமலையில் இன்று மதுவும் புலாலும் அறவே விலக்கு. இரண்டும் ஒரே மலைநாட்டின் வரலாறுதான். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டுவதில்லை.

தொண்டை நாட்டைப் பற்றிய மற்றொரு சான்று இன்னும் நுட்பமானது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்து கூறப்படுகிறது. அவ்விடத்தில் ஒரு மதுவைச் செய்யும் முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்லிச் செல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்ற வேண்டும். முளையை இடித்து அதனுடன் கலக்க வேண்டும். வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் முதிர விட வேண்டும். பின் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். இது மரத்திலிருந்து இறக்கும் கள் அன்று. தானியத்தைச் சமைத்துப் புளிக்க வைத்த மது. நெல்லரிசியால் இவ்வாறு செய்ததைத் தோப்பி என்பர். ஐரோப்பியர் வாற்கோதுமையால் செய்து பீர் என்று பெயரிட்டதற்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. தானியம் முளைக்கும்போது அதனுள் உண்டாகும் நொதிகள் மாவுப் பொருளை இனிப்பாக மாற்றும். அவ்வினிப்பைக் காற்றிலும் பாண்டத்திலும் உள்ள நொதியம் உண்டு சாராயச் சத்தையும் கரிவளியையும் வெளிப்படுத்தும். அறிவியல் இதற்குப் பெயரிட்டது அண்மையிலேதான். செய்முறையோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தொண்டை நாட்டுப் பெண்டிர்க்குத் தெரிந்திருந்தது.

இச்செய்முறையை ஏட்டில் மட்டுமே படித்திருந்த நமக்கு, அதைக் கண்ணாரக் காணும் வாய்ப்புப் பெங்களூரில் கிடைத்தது. சித்தூரிலிருந்து பலமனேர், முளபாகல் வழியாக மேற்கே சென்றால் அரை நாளுக்குள் எட்டும் நகரம் அது. நம் சங்கத்தார் சிலர் அங்கு ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தபோது, நண்பர் ஒருவர் சிறிய பீர்ச்சாலை ஒன்றைக் காட்ட அழைத்துச் சென்றார். தாமே சமைத்த பீரைத் தம் இடத்திலேயே ஊற்றிக் கொடுக்கும் இத்தகைய சிறு சாலைகளுள் பெங்களூரில் முதலாவது 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இப்போது அந்நகரில் அவை பல.

உள்ளே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பளபளக்கும் பெரிய மிடாக்கள் நின்றன. பணியாளராகிய இளைஞர் முளைகட்டி வறுத்த வாற்கோதுமையை ஒரு பிடி அள்ளி எங்கள் கையில் இட்டார். மென்றபோது பொட்டுக்கடலை போன்ற மணமும் மெல்லிய இனிப்பும் இருந்தன. அதை உடைத்து, கை பொறுக்காத வெப்பமுள்ள நீரில், ஏறத்தாழ 65 பாகை அளவில், ஒரு மணி நேரம் ஊறவைப்பார்களாம். வடித்தெடுத்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவுடன் கொதிக்கவிட்டு, விரைவாகக் குளிர்வித்து, நொதியத்தைச் சேர்த்து, ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ மூடி வைப்பார்களாம். ஹாப்ஸ் கைப்புச் சுவையைத் தருவதோடு கெடாமலும் காக்கும். எஞ்சிய சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும்.

எங்களுள் மூத்தவராகிய பெரியவர் ஒருவர், “தம்பி, வடிப்பாலை என்கிறார்களே, இங்கே எதையும் வடிக்கக் காணோமே?” என்று கேட்டார். இளைஞர் நகைத்து, “ஐயா, ஆவியாக்கி வடித்தால் அது சாராயமும் பிராந்தியும் ஆகிவிடும். இது புளிப்பது மட்டும்தான்” என்றார். பெரியவரின் வினா பொருளுடையது. பீரை வடிப்பதில்லை, அடுகிறார்கள். அடுதல் என்னும் பழஞ்சொல்லே இத்தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கிறது. இதை நம் சொல்லாக்க அறிஞர்கள் கருதிப் பார்ப்பார்களாக.

சிறு கண்ணாடிக் குவளைகளில் நான்கு வகை வந்தன. எலுமிச்சைச் சாற்றோடு நிறுத்திக்கொண்டோரும் எங்களுள் உண்டு. கோதுமையால் செய்தது கலங்கலாக, வாழைப்பழமும் இலவங்கமும் கலந்தாற்போன்ற மணத்துடன் இருந்தது. பழம் எதுவும் சேர்க்கவில்லை என்றும், அம்மணம் நொதியம் தந்ததே என்றும் விளக்கினர். கருகும் அளவு வறுத்த தானியத்தால் ஆன கறுப்பு வகை, சர்க்கரை இடாத காப்பியை நினைவூட்டியது. ஹாப்ஸ் மிகுந்த ஒன்று வேப்பம்பூப் பச்சடியைப் போல நாவில் கைப்பை நிறுத்தியது. நமக்கு அது உவப்பாக இல்லை. கேழ்வரகு சேர்த்த நான்காவது வகையைச் சுவைத்த பெரியவர், “நீராகாரத்தை இரண்டு நாள் மறந்து வைத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும்” என்றார். உருத்திரங்கண்ணனார் சொன்னதும் அதுவேயன்றோ என்று நமக்குத் தோன்றியது. எங்கள் மனத்தில் தைத்தது மற்றொன்று. “இது இங்கேயே செய்து இங்கேயே தீர வேண்டியது, ஐயா. நீண்ட நாள் நில்லாது, நெடுந்தொலைவும் செல்லாது” என்று அவ்விளைஞர் போகிறபோக்கில் சொன்ன சொற்களே அவை. இக்கட்டுரையின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

ஏனெனில் தென்னாட்டில் பீரின் வரலாறும் இத்தகைய சிறு சாலைகளிலிருந்தே தொடங்கியது. வெள்ளைக்காரப் படைவீரர்களின் தாகம் தணிக்கக் கப்பலில் வந்த பீர் விலை மிகுந்தது. வெப்பத்தில் கெடுவதும் உண்டு. ஆகவே குளிர்ந்த மலைகளில் ஆலைகள் தோன்றின. வடக்கே கசௌலியில் எட்வர்டு டயர் என்பவர் ஆலை கண்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலையால் பெயர்கெட்ட தளபதி டயரின் தந்தை இவரே. தெற்கே 1857இல் காசில் பீர் ஆலை தோன்றியது; பின்னர் 1885இல் பெங்களூர் ஆலை, 1903இல் பிரிட்டிஷ் பீர்க் கழகம், 1913இல் நீலகிரி ஆலை என ஒவ்வொன்றாக எழுந்தன. பெரிய மரப்பீப்பாய்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்னை, பெங்களூர், நீலகிரிப் பாளையங்களுக்கு அனுப்பினார்கள். 1915ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் இவ்வாறான ஐந்து ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். 1947இல் அதன் இயக்குநராகிய விட்டல் மல்லையா அடுத்த ஆண்டே தலைவரானார். ஐந்து சிறு சாலைகள் இவ்வாறு ஒரு பெரு நிறுவனமாயின. ஒரு நூற்றாண்டு கழித்துப் பெங்களூரில் சிறு சாலைகள் மீண்டும் முளைத்தன. முதலாவது முளைத்த இடமோ விட்டல் மல்லையாவின் பெயர் தாங்கிய சாலை!

சித்தூர்ச் சீமையின் உழவனும் கூலியாளும் அக்காலப் பீரைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு உரியது கள். நம் தெலுங்கு நண்பர்கள் ‘கல்லு’ என்பதும் அதுவே. கடலோரத்தே பனை மிகுதி. மேட்டு நிலமாகிய சித்தூர்ப் பகுதியிலோ ஓடைக்கரைகளிலும் தரிசுகளிலும் ஈச்சமரங்கள் தாமாக வளர்ந்தன. பனையில் பாளையைச் சீவுவர். ஈச்சமரத்திலோ மரத்தின் கழுத்தையே சீவிக் கலயம் கட்டுவர். விடியலில் இறக்கியது உச்சிக்குள் நுரைக்கும், மாலையில் கடுக்கும், மறுநாள் காடியாகிவிடும். அதன் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு. ஏறக்குறையப் பீரின் அளவே. பானம் ஒரு நாளைக்கு மேல் நில்லாமையால் மரமும் மரமேறுவோனும் கடையும் குடிப்போனும் ஓர் ஊருக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

ஆங்கில அரசு அதை வருவாயாகக் கண்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று எல்லாவற்றையும் அரசின் பிடிக்குள் கொணர்ந்தது. வீட்டில் அடுவது குற்றமாயிற்று. சாராயம் காய்ச்சும் உரிமை பெரிய ஆலைகளின் கையில் சேர்ந்தது. காலப்போக்கில் மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்துறையினின்றே வந்தது. கள்ளுக்கடை மறியலைக் காந்தியடிகளின் இயக்கத்தார் கையிலெடுத்ததற்கு அறமும் ஒரு காரணம், இவ்வருவாயும் ஒரு காரணம்.

1937இல் இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானவுடன் தம் சேலம் மாவட்டத்தில் அக்டோபர் 1 முதல் மதுவிலக்கைக் கொணர்ந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1938 அக்டோபர் 1ஆம் நாள், சித்தூரும் கடப்பையும் மதுவிலக்கு மாவட்டங்களாயின. வட ஆர்க்காட்டுக்கு அச்சட்டம் 1939 அக்டோபரில் வந்தது. இடைப்பட்ட ஓராண்டில் சித்தூரின் நிலையைக் கருதுக. 1911இல்தான் வட ஆர்க்காட்டினின்றும் கடப்பையினின்றும் நிலம் பிரித்து இம்மாவட்டத்தை அமைத்திருந்தார்கள். நேற்று வரை ஒரே மாவட்டமாக இருந்த இடத்தில் எல்லைக்கு இப்பால் கலயம் உடைபட்டது. அப்பால் கடை ஏலம் நடந்தது. மேற்கே மைசூர் அரசின் எல்லையிலோ விலக்கே இல்லை.

கள்ளுக்கடைகளுக்கு மாற்றாகத் தேநீர்க் கடை, பஜனை, விளையாட்டு, பொருட்காட்சி ஆகியவற்றைச் சேலத்தில் தொடங்கியது போலவே பிற மாவட்டங்களிலும் அரசு பரப்பியது. மரமேறுவோருக்கு, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காத பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமை தரப்பட்டது. வாரக் கூலி கடை வாயிலில் நில்லாமல் வீடு வந்து சேர்ந்ததைக் கண்ட தாய்மார்களுக்கு இச்சட்டம் பெருவரமாகவே தோன்றியிருக்கும். அதைச் சிறிதும் குறைத்துக் கூற நாம் ஒருப்படோம். ஆயினும் வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், கொப்பரை வேண்டும், சந்தை வேண்டும். அன்றன்று காசு கண்ட மரமேறிக்கு அவை எளியன அல்ல. நெடிய மரத்தின் உச்சியில் கட்டிய கலயம் காவலரின் கண்ணுக்குத் தப்பாது. காட்டுப் புதரில் காய்ச்சும் சாராயப் பானையோ தப்பும். கள் ஒரு நாளில் கெடும். சாராயம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரு குடம் கள்ளில் உள்ள வெறி ஒரு சிறு புட்டியுள் அடங்கும். ஆகவே ஒளித்து வைப்பதற்கும் கடத்துவதற்கும் எது ஏற்றதோ அதுவே விலக்குக் காலத்தில் எஞ்சி நின்றது. மென்மையானது முதலில் மடிந்தது, கடுமையானது பிழைத்தது. பின்வந்த அரசுகளின் காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது.

போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946இல் பிரகாசம் அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுதும் பரவியது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. திருத்தணிக்காக நம்மவர் நடத்திய போராட்டமும் 1960இல் அது தமிழகத்துடன் இணைந்ததும் பலரும் அறிந்தவை. புதிய மாநிலத்தின் முதல்வரும் அதே பிரகாசம்தான். மதுவிலக்கை ஆராய அமைத்த இராமமூர்த்திக் குழு அதைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. அரசு உடனே ஏற்கவில்லை. மரமேறுவோரின் தலைவராக விளங்கிய கௌத்து லச்சண்ணா அவர்களுடைய பிழைப்புரிமைக்காகக் கிளர்ந்தெழுந்தார். 1954 நவம்பரில் இதனையொட்டி வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அமைச்சரவை ஒரே வாக்கில் வீழ்ந்தது! கள்ளிறக்குவோரின் பிழைப்பு ஓர் ஆட்சியையே கவிழ்த்த செய்தி நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறக் காணோம்.

அதற்குப் பிந்தியவற்றை விரைந்து கடக்கலாம். ஆந்திரப் பிரதேசத்தில் 1968ஆம் ஆண்டின் ஆயத்தீர்வைச் சட்டத்தை அடுத்து மதுவிலக்கு நீங்கியது. தமிழகத்தில் 1971இல் நீங்கி, சில ஆண்டுகளில் மீண்டு, 1981இல் மறுபடியும் நீங்கியது. 1987 சனவரி முதல் தமிழகத்தில் கள்ளுக்கு விலக்கு. ஆனால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சாராயச் சத்துள்ள பிராந்தியை 2003 முதல் அரசே தன் கடைகளில் விற்கிறது. நான்கைந்து பங்கு உள்ளது குற்றம்; நாற்பது பங்கு உள்ளது அரசின் வாணிகம். இதனை நியாயப்படுத்தும் வாதம் எதுவும் நமக்கு விளங்கவில்லை.

அந்நாளில் நம் அண்டை மாவட்டமாக இருந்த நெல்லூரில் நிகழ்ந்தது வேறு வகையானது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவுப் பள்ளிகளில் எழுத்துக் கற்ற பெண்கள், தம் பாடநூலில் குடிகாரக் கணவனால் துயருற்ற ஒருத்தியின் கதையைப் படித்தனர். 1992இல் தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் திரண்டு தம் ஊர்ச் சாராயக் கடையை மூடுவித்தனர். தீ பரவுவது போல அது ஊர் ஊராகப் பரவியது. மாவட்டத் தலைநகரில் சாராயக் கடை ஏலத்தையே அவர்கள் நடக்கவிடவில்லை. அவர்கள் எதிர்த்தது நெகிழிப் பைகளில் அடைத்து ஊர்தோறும் வந்து குவிந்த சாராயத்தை என்பதை நாம் மறத்தலாகாது. 1993இல் முதலில் நெல்லூரிலும், அக்டோபரில் மாநிலம் முழுதும் சாராயம் விலக்கப்பட்டது. 1994 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த என். டி. இராமராவ் முழு மதுவிலக்கை அறிவிக்க, அது 1995 சனவரியில் சட்டமாயிற்று. வருவாய் இழப்பும் கடத்தலும் மிக, 1997இல் அதுவும் தளர்ந்தது. எழுத்தறிவு இல்லாதிருந்த பெண்கள் தாமாகச் சாதித்ததை மேலிருந்து வந்த சட்டத்தால் மூன்றாண்டு கூடக் காக்க இயலவில்லை. 2019 அக்டோபரில் மாநில அரசே கடைகளை ஏற்று நடத்தியது. 2024 அக்டோபரில் அவை மீண்டும் தனியாரிடம் சென்றன. இம்மாற்றங்களிலெல்லாம் தொலைவிலிருந்து புட்டியில் வரும் சரக்கைப் பற்றியே பேச்சு. பீரிலும் இன்று நாட்டில் பெரும்பகுதி விற்பது சத்து மிகுந்த வகையே என்பர்.

1938இல் சித்தூர்க் கள்ளுக்கடைகளை மூடியதன் எச்சம் ஒன்று இன்றளவும் நம் கடைத்தெருவில் உள்ளது. ஆப்காரி வருவாயை இழந்த சென்னை அரசு அவ்விழப்பை ஈடு செய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது; பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவாக விற்பனை வரி விதித்தது இந்நாட்டில் அதுவே முதல் முறை. பிற மாகாணங்களும் பின்பற்றின. மதுவிலக்கு நிறுத்தப்பட்டபோதும், மீண்டபோதும், அறவே நீங்கியபோதும் அவ்வரி நீங்கவில்லை. மது வருவாய் திரும்பி வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. 2017 சூலை 1ஆம் நாள் அவ்வரி, சரக்கு மற்றும் சேவை வரி என்னும் பேராற்றில் கலந்தது. அரிசிப் பையும் சோப்பும் செருப்பும் அதற்குள் வந்துவிட்டன. மனிதர் பருகும் மதுவையோ மாநில அரசுகள் தத்தம் கைவசமே வைத்துக்கொண்டன.